அணுக்கழிவுத் தொட்டியின் அடியில் தேங்கும் சேறு: அதை அள்ளுவது ஏன் இவ்வளவு கஷ்டம்?

சேலம், நாமக்கல் பக்கம் சேகோ ஃபேக்டரிக்குள் போனவர்களுக்கு இந்தக் காட்சி பழக்கமாக இருக்கும். அரைத்த குச்சிக்கிழங்குப் பாலைத் தொட்டியில் விட்டு, சில மணி நேரம் அப்படியே வைப்பார்கள். மாவு அடியில் படியும், தண்ணீர் மேலே நிற்கும். தண்ணீரைத் திறந்துவிட்டால் போய்விடும். அடியில் இறுகிய மாவை மட்டும் ஆள் இறங்கி வெட்டித்தான் எடுக்கணும்.

அணுக்கழிவுத் தொட்டியிலும் கிட்டத்தட்ட இதுதான் நடக்கிறது. ஆனால் அங்கே ஆள் இறங்க முடியாது. அடியில் கிடப்பது கதிரியக்கச் சேறு. நம்ம கல்பாக்கத்திலும் அணுக்கழிவுத் தொட்டிகள் இருக்கின்றன. அதனால் இந்த விஷயம் நமக்குத் தெரிந்திருப்பது நல்லது.

இந்தக் கழிவு எங்கிருந்து வருகிறது?

அணு உலையில் எரிந்து முடிந்த எரிபொருளை நைட்ரிக் அமிலத்தில் கரைப்பார்கள். அதிலிருந்து யுரேனியத்தையும் புளூட்டோனியத்தையும் பிரித்து எடுத்துக்கொள்வார்கள். மிச்சமாகும் அமிலத் திரவத்தில் சீசியம்-137, ஸ்ட்ரான்சியம்-90 போன்றவை இருக்கும். கடுமையான கதிர்வீச்சு கொண்ட கழிவு இதுதான்.

திரவம் எப்படிச் சேறாகிறது?

இதற்கு உலகம் காட்டும் உதாரணம் அமெரிக்காவின் ஹான்ஃபோர்டு. அங்கே நிலத்தடியில் 177 தொட்டிகள், அவற்றில் சுமார் 21 கோடி லிட்டர் கழிவு. தொட்டிகளைக் கார்பன் ஸ்டீலில் கட்டினார்கள். அமிலம் பட்டால் அந்த இரும்பு அரித்துப்போகும். அதனால் கழிவில் காஸ்டிக் சோடாவைக் கலந்து காரமாக மாற்றினார்கள்.

சிக்கல் ஆரம்பித்தது அங்கேதான். அமிலத்தில் கரைந்திருந்த இரும்பு, அலுமினியம், யுரேனியம் எல்லாம் காரத்தில் கரைந்து நிற்காமல் அடியில் படிந்தன. ஸ்ட்ரான்சியமும் புளூட்டோனியமும் பெரும்பாலும் அந்தச் சேற்றோடு போய்விட்டன. சீசியம் மட்டும் பெரும்பகுதி மேலே உள்ள திரவத்திலும் உப்புப் படிவத்திலும் தங்கியது. ஒற்றைச் சுவர் கொண்ட 149 பழைய தொட்டிகளில் 67 கசிந்தன, அல்லது கசிந்திருக்கலாம் என்று கணக்கு.

மேட்டூருக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

சேர்வராயன் மலையிலும் கொல்லிமலையிலும் பாக்சைட் வெட்டி, மேட்டூரில் மெட்ராஸ் அலுமினியம் கம்பெனி (மால்கோ) அலுமினியம் எடுத்தது. 1965-ல் தொடங்கிய உற்பத்தி 2008-ல் நின்றது. பாக்சைட்டைச் சூடான காஸ்டிக் சோடாவில் வேகவைத்தால் அலுமினியம் கரைந்து திரவத்துக்குப் போகும். இரும்பும் டைட்டானியமும் கரையாமல் சிவப்புச் சேறாக மிஞ்சும்.

அமெரிக்காவில் அணுக்கழிவுச் சேற்றுக்கும் இதே வைத்தியத்தைத்தான் செய்கிறார்கள். சேற்றைக் காஸ்டிக்கில் வைத்து அலுமினியத்தைக் கரைத்து எடுத்தால், கண்ணாடியாக மாற்ற வேண்டிய சேற்றின் அளவு குறையும். இதில் ஒரு சிக்கல் உண்டு. கிப்சைட் வடிவத்தில் இருக்கும் அலுமினியம் சுலபமாகக் கரையும். போஹ்மைட் வடிவத்தில் இருந்தால் லேசில் அசையாது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். இரண்டுக்கும் வேதியியல்தான் ஒன்று, ஆபத்து ஒன்றல்ல. அலுமினிய ஆலையின் செஞ்சேற்றில் யுரேனியமும் தோரியமும் பாக்சைட்டிலிருந்து வந்த இயற்கையான, மிகச் சிறிய அளவில்தான் இருக்கும். அதன் முக்கிய ஆபத்து காரத்தன்மை. 2010-ல் ஹங்கேரியின் அய்காவில் செஞ்சேற்றுக் குளம் உடைந்து 10 பேர் இறந்தார்கள்.

கடைசி ஓர் அங்குலம் ஏன் போவதில்லை?

திரவத்தைப் பம்ப் போட்டு எடுத்துவிடலாம். சேற்றின் பெரும்பகுதியைத் தண்ணீரைப் பீய்ச்சிக் கலக்கி உறிஞ்சலாம். அதன் பிறகும் ஒரு படலம் பாறை மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும். ஹான்ஃபோர்டின் சி-106 தொட்டியில் இதைக் கரைக்க ஆக்சாலிக் அமிலம் ஊற்றினார்கள். துருக்கறை போக்கப் பயன்படும் அதே அமிலம்தான்.

"அப்போ நிறைய ஊத்திட வேண்டியதுதானே?" என்று கேட்கலாம். அமிலம் அதிகமானால் தொட்டியின் இரும்பையே தின்னும். வெளியே எடுத்த திரவத்தை மறுபடி காரமாக்கும்போது சோடியம் ஆக்சலேட் என்ற புது உப்பு படியும். ஒரு கழிவைக் கரைக்கப் போய் இன்னொரு கழிவு சேர்கிறது. அதனால் பெரிய தொட்டிகளில் சுமார் 10,000 லிட்டருக்கு மேல் மிச்சம் இருக்கக் கூடாது என்று அங்கே வரம்பு வைத்திருக்கிறார்கள். அமெரிக்காவின் இன்னொரு அணுசக்தி மையமான சவன்னா ரிவரில், மிச்சத்தோடு சேர்த்து சிமென்ட் கலவையை ஊற்றி 1997-லேயே தொட்டிகளை மூடினார்கள்.

இந்தியாவில் என்ன நிலைமை?

இங்கே உயர் கதிரியக்கக் கழிவை அமிலமாகவே ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தொட்டிகளில் வைக்கிறார்கள். அந்த உலோகம் நைட்ரிக் அமிலத்தைத் தாங்கும். அதனால் ஹான்ஃபோர்டு அளவுக்குச் சேறு சேராது. ஆனாலும் சிர்கோனியம், மாலிப்டினம் போன்றவை அமிலத்திலும் கொஞ்சம் படியக்கூடியவை. பிறகு அந்தக் கழிவைக் கண்ணாடியோடு உருக்கிக் கட்டியாக்குகிறார்கள். இதற்கான வசதி டிராம்பே, தாராப்பூர், கல்பாக்கத்தில் இருக்கிறது.

அதற்காக எல்லாம் சரியாகிவிட்டது என்று அர்த்தமில்லை. 2003 ஜனவரி 21 அன்று கல்பாக்கம் மறுபதப்படுத்தும் ஆலையில், குறைந்த கதிரியக்கக் கழிவுத் தொட்டியிலிருந்து ஊழியர்கள் மாதிரி எடுத்தார்கள். வால்வு பழுதானதால் உயர் கதிரியக்கக் கழிவு அந்தத் தொட்டிக்குள் கலந்திருந்தது. அந்த இடத்தில் எச்சரிக்கும் கருவி இல்லை. மாதிரியைச் சோதித்தபோதுதான் விஷயமே தெரிந்தது. 6 பேர் அனுமதித்த அளவைவிடப் பல மடங்கு கதிர்வீச்சுக்கு ஆளானார்கள். தொட்டிக்குள் இருப்பது என்ன என்று நேரத்துக்குத் தெரியாமல் போனதன் விலை அது.

எத்தனை நாள் காவல் காக்கணும்?

சீசியம், ஸ்ட்ரான்சியம் இரண்டும் சுமார் 30 வருஷத்தில் பாதியாகும். ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைய 300 வருஷம் ஆகும். புளூட்டோனியம்-239 பாதியாகவே 24,000 வருஷம் வேண்டும். அதனால் ஒரு தொட்டி "காலி" என்று யாராவது சொன்னால் மூன்று கேள்வி கேட்கணும்: அடியில் எவ்வளவு மிச்சம்? அதில் என்னென்ன இருக்கிறது? அதை அளந்து பார்த்துக்கொண்டிருப்பது யார்?