மொட்டை மாடிக்குக் கீழே குடியிருப்பவர்கள்

2010 மே மாதம் அகமதாபாத்தில் வெயில் 46.8 டிகிரி செல்சியஸைத் தொட்டது. வழக்கமான மே மாதத்தைவிட அந்த மே மாதத்தில் 1,344 பேர் கூடுதலாக இறந்தார்கள் என்று பின்னர் கணக்கிட்டார்கள். அதே நாட்களில் அங்குள்ள ஒரு மருத்துவமனையில், பிறந்து சில நாட்களே ஆன சிசுக்கள் உடம்பு கொதிக்கத் தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்க்கப்பட்டார்கள். காரணம் தேடியபோது கண்ணில் பட்டது பிரசவ வார்டு இருந்த இடம். மொட்டை மாடிக்கு நேர் கீழே, உச்சி மாடியில் இருந்தது அது. வார்டைக் கீழ்த்தளத்துக்கு மாற்றினார்கள். அதற்குப் பிறகு வெப்பத்தால் பாதிக்கப்பட்டுச் சேரும் குழந்தைகளின் எண்ணிக்கை குறைந்தது.

கட்டடம் ஆளைக் கொல்லும் என்றால் இடிந்து விழுவதைத்தான் நினைக்கிறோம். ஆடாமல் அசையாமல் நிற்கும் கட்டடமும் உயிருக்கு ஆபத்தாகும் என்பதற்கு அந்த வார்டே சாட்சி.

கோடையில் நண்பகல் வெயில் ஒரு சதுர மீட்டர் தளத்தின் மீது ஏறக்குறைய 1,000 வாட் ஆற்றலைக் கொட்டுகிறது. ஓர் இஸ்திரிப் பெட்டி இழுக்கும் மின்சாரத்துக்குச் சமம் இது. ஆயிரம் சதுர அடி மொட்டை மாடி என்றால் தொண்ணூறுக்கும் மேற்பட்ட சதுர மீட்டர். பழுப்பேறிய சிமென்ட் தளம் இந்த வெயிலில் பாதிக்கும் மேல் உறிஞ்சிக்கொள்ளும். வெயில் மேலே பட்டவுடன் அடிப்பக்கம் சுட்டுவிடாது. கான்கிரீட்டுக்குள் வெப்பம் மெல்ல மெல்லத்தான் இறங்கும். பகல் முழுக்கக் குடித்த சூட்டைத் தளம் மாலையில் அறைக்குள் விடத் தொடங்கும், பின்னிரவு வரை விட்டுக்கொண்டே இருக்கும். வெளியே கடற்காற்று வீசும்போதும் மேல்மாடி அறையில் சுவரும் கட்டிலும் தலையணையும் சுடுவது இதனால்தான்.

அந்த அறையில் மின்விசிறியை ஐந்தில் வைத்தும் தூக்கம் வராது. நம் உடல் காற்றின் சூட்டை மட்டும் உணர்வதில்லை. தலைக்கு மேலே இருக்கும் தளத்திலிருந்து கதிராக வரும் வெப்பத்தையும் வாங்கிக்கொள்கிறது. மின்விசிறியால் அந்தக் கதிரைத் தடுக்க முடியாது. சென்னை போன்ற கடலோர நகரத்தில் ஈரப்பதமும் சேர்ந்துகொள்ள, வியர்வை உலராது. வியர்வை உலராவிட்டால் உடல் குளிராது. பகல் வெயிலில் வேலை செய்தவரின் உடல் தேறுவதற்கு இருக்கும் நேரம் இரவு ஒன்றுதான். இதயநோய் உள்ளவர்கள், முதியவர்கள், கைக்குழந்தைகள் ஆகியோருக்கு அந்த இரவு பறிபோவது உயிருக்கே ஆபத்து. வெப்ப அலையைப் பற்றிய செய்திகளில் பகல்நேர உச்ச வெப்பத்தை மட்டும் சொல்லிவிட்டு, இரவைப் பற்றி ஒரு வரிகூடச் சொல்லாமல் விடுவது எனக்குப் பெரிய குறையாகவே படுகிறது.

நம் கொத்தனார்களுக்கு இது தெரியாத சங்கதி அல்ல. பழைய மெட்ராஸ் டெரஸ் வீடுகளில் தேக்குக் கட்டைகளின் மேல் செங்கல்லைக் குத்துக்கல்லாக அடுக்கி, அதன்மேல் சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் சேர்த்துக் குத்தி, மேலே தட்டோடு பதிப்பார்கள். கான்கிரீட் வந்த பிறகும் நெடுங்காலம் தளத்தின் மேல் சுருக்கி என்னும் சுண்ணாம்பு, செங்கல் ஜல்லிக் கலவையைப் போட்டுத் தட்டோடு ஒட்டும் வழக்கம் இருந்தது. மழைநீர் இறங்காமல் காக்கவும் வெயில் தாக்காமல் தடுக்கவும் அந்த ஒரே அடுக்கு போதும். இன்று செலவைக் குறைக்கும்போது முதலில் வெட்டப்படுவது இதுதான். விளைவு, கோடையில் சூடு, ஐப்பசி கார்த்திகையில் கசிவு. கசிந்த தளத்தில் கறுப்பாகப் பூஞ்சை படர்ந்தால், ஆஸ்துமா உள்ள பிள்ளைகளுக்கு இருமல் நிற்காது.

சரிசெய்யப் பெரிய தொழில்நுட்பம் எதுவும் வேண்டாம். புதிதாக அடித்த வெள்ளைச் சுண்ணாம்பு, தன்மேல் விழும் வெயிலில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கைத் திருப்பி அனுப்பிவிடும். வெயிலைத் திருப்பும் பெயின்ட், வெள்ளை கூல் டைல்ஸ், உடைந்த வெள்ளை டைல்ஸ் துண்டுகளைப் பதிப்பது எல்லாம் இதே வேலையைக் கூடுதல் ஆண்டுகள் செய்யும். இப்படி வெள்ளையாக்கிய கூரைகளின் கீழ் அறை வெப்பம் 2 முதல் 5 டிகிரி வரை குறையக்கூடும் என்பது இந்திய நகரங்களில் கண்ட அனுபவம். சிமென்ட் ஷீட், தகரக் கூரை வீடுகளுக்குப் பலன் இன்னும் கண்கூடாகத் தெரியும்; அந்தக் கூரைகள் வெப்பத்தைத் தேக்கிவைக்காமல் நண்பகலிலேயே நேராகத் தலையில் இறக்குகின்றன.

வெள்ளை அடிப்பதிலும் கவனம் வேண்டும். முதலில் பாசியையும் தூசியையும் தேய்த்துக் கழுவி, விரிசலை அடைத்து, தளம் நன்றாகக் காய்ந்த பிறகே பூச வேண்டும். ஒரே தடவை தடிமனாகப் பூசினால் பொருக்குவிட்டு உரியும். மெல்லிதாக இரண்டு கை அடிப்பதே சரி. சுண்ணாம்பு கண்ணில் தெறித்தால் பார்வையே போகலாம் என்பதால் கண்ணாடி அணியாமல் இறங்கக் கூடாது. ஒரு மழைக்காலம் போனால் வெள்ளை மங்கிவிடும். ஆகவே சுண்ணாம்பை ஆண்டுதோறும் மாசி பிறக்கும்போது மறுபடி அடிக்க வேண்டும்.

ஏசி போட்டுக்கொண்டால் தீர்ந்தது என்பவர்கள் உண்டு. ஏசி உள்ளிருக்கும் சூட்டை அழிப்பதில்லை. மின்சாரத்தைத் தின்று, அதன் சூட்டையும் சேர்த்து வெளியே, பெரும்பாலும் பக்கத்து வீட்டு ஜன்னலை நோக்கி, தள்ளுகிறது. ஏசியின் வெப்ப அளவை ஒரு டிகிரி கூட்டி வைத்தாலே சுமார் 6 சதவீத மின்சாரம் மிச்சம் என்கிறது மத்திய அரசின் எரிசக்திச் சிக்கன அமைப்பு. வெள்ளைத் தளத்துக்குக் கீழே இருக்கும் அறையில் அப்படிக் கூட்டி வைப்பது சிரமமே இல்லை. கூரையோடு ஜன்னலையும் கவனிக்க வேண்டும். மேற்கு ஜன்னலுக்கு உள்ளே திரை போடுவதைவிட வெளியே சன்ஷேடோ மூங்கில் தட்டியோ வைப்பது மேல். கண்ணாடியைத் தாண்டி வந்த வெயிலைத் திரையால் வெளியே அனுப்ப முடியாது.

அரசுகள் அசையத் தொடங்கியிருக்கின்றன. அகமதாபாத் 2013-ல் வெப்பச் செயல்திட்டம் வகுத்தது, பிறகு குடிசைப் பகுதிக் கூரைகளுக்கு வெள்ளை அடித்தது. தெலங்கானா 2023-ல் குளிர்கூரைக் கொள்கையை அறிவித்து, அரசு, வணிகக் கட்டடங்களுக்கு அதைக் கட்டாயமாக்கியது. வீடுகளின் கூரை எவ்வளவு வெப்பத்தை உள்ளே விடலாம் என்பதற்கு 2018-ல் வந்த ‘எகோ நிவாஸ் சம்ஹிதா’ என்ற தேசிய விதித்தொகுப்பு வரம்பு சொல்கிறது. தமிழ்நாடு 2024-ல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. அரசுப் பள்ளிகளின் கூரைகளுக்கு வெள்ளைப் பூச்சு அடிக்கும் வேலையும் தொடங்கியிருக்கிறது.

இந்த ஏற்பாடுகளில் விடுபட்டு நிற்பவர் மேல்மாடியில் வாடகைக்கு இருப்பவர். தளம் அவருடையதல்ல; பூசச் சொல்லும் உரிமை அவருக்கில்லை; மின்கட்டணம் மட்டும் அவருடையது. வீட்டுக்காரர் கீழ்த்தளத்தில் இருப்பதால் சூடு அவருக்குத் தெரிவதில்லை. மாநகராட்சி சொத்து வரியில் சிறு சலுகை தந்து, அதற்கு ஈடாக வெள்ளைத் தளத்தைக் கேட்கலாம். அது வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. மாடியை வாடகைக்கு விட்டிருக்கும் வீட்டுக்காரர்களே, இந்த மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒதுக்கி, சுண்ணாம்பு வாங்கி உங்கள் மொட்டை மாடிக்கு இரண்டு கை அடித்துவிடுங்கள்.