கார் போனது, கூடம் வந்தது!

வீட்டில் இடம் போதவில்லை என்று குறைப்படாத குடும்பம் பட்டணத்தில் உண்டா? எங்கள் வீட்டிலும் அந்தப் பாட்டுத்தான் பல வருஷங்களாக ஓடிக்கொண்டிருந்தது. இத்தனைக்கும், வீட்டை ஒட்டினாற்போல் 10 அடி அகலமும் 18 அடி நீளமுமாக ஓர் அறை சும்மா கிடந்தது. அதை அறை என்று நினைக்க எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. ஏனென்றால், அதன் பெயர் கார் ஷெட்!

மேற்கு மாம்பலத்தில் 1964-ல் கட்டிய வீடு எங்களுடையது. ஷெட்டில் மகாராஜா மாதிரி ஓர் அம்பாசிடர் நின்றது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் அதன் இருக்கை வரை தண்ணீர் ஏறியது. அந்தக் காரைச் செய்வதையே 2014-ல் நிறுத்திவிட்டார்கள். உதிரிச் சாமான் தேடி அலைய யாருக்கும் தெம்பில்லை. கார் போயிற்று. அதன் இடத்தில் உடைந்த ஊஞ்சல் பலகை, பெயிண்ட் டப்பாக்கள், மூன்று சக்கர சைக்கிள், மாமனாரின் ஸ்பானர் பெட்டி எல்லாம் குடியேறின.

படுக்கையறைகள் எல்லாம் மாடியில். மாமியார் கீழே விழுந்து இடுப்பில் ஆபரேஷன் ஆனபிறகு மாடிப்படி ஏறுவது முடியாத காரியமாயிற்று. கூடத்திலேயே கட்டிலைப் போட்டோம். ஒரு நாள் தெரிந்தவர்கள் நாலு பேர் பார்க்க வந்தார்கள். மாமியார் போர்வையைத் தலைவரை இழுத்துவிட்டுக்கொண்டு தூங்குகிறாற்போல் இருந்துவிட்டார்.

அவர்கள் போனபின், "தூங்கிப் போய்விட்டீர்களா, அத்தை?" என்று கேட்டேன்.

"தூங்குவதாவது! வாசலுக்கு நேரே படுத்துக்கிடக்கிறேன். இந்தக் கோலத்தை நாலு பேர் பார்க்க வேண்டாமே என்று போர்த்திக்கொண்டேன். வேறு எங்கே போய் ஒளிந்துகொள்வது, சொல்லு?"

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. காலையில் ஷெட்டைப் பற்றிப் பேச்செடுத்தேன். மாமனாரின் முகம் வாடிவிட்டது. "அவளைக் கொண்டுபோய் ஷெட்டிலா படுக்க வைக்கப் போகிறாய்?" என்றார்.

"அத்தையை மட்டும் அனுப்பவில்லை, மாமா. நாம் எல்லாருமே அங்கே போகப் போகிறோம்" என்றேன்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அந்தத் தேக்குக் கதவுகளை மட்டும் விற்காதீர்கள்" என்றார். அதுதான் சம்மதம்!

முதலில் காகிதம்

சகோதரிகளே, மேஸ்திரியைக் கூப்பிடுவதற்கு முன்னால் வீட்டின் பிளானைக் கையில் எடுங்கள். 2019-ல் வந்த தமிழ்நாட்டுக் கட்டட விதிகள், வீட்டின் அளவைப் பொறுத்து வண்டி நிறுத்த இடம் விடச் சொல்கின்றன. அனுமதி பெற்ற பிளானில் அந்த இடத்தைக் கார் நிறுத்தக் காட்டியிருந்தால், கேட்காமல் அறையாக்குவது வம்பை விலைக்கு வாங்குவதாகும். விஷயம் தெரிந்த ஓர் என்ஜினீயரிடம் காட்டி, அனுமதிக்கு வழி செய்துகொண்டு ஆரம்பிப்பதே நல்லது. நாங்கள் அப்படித்தான் செய்தோம். இருக்கிற ஒரே ஸ்கூட்டருக்கு வாசல் ஓரத்திலேயே இடம் விட்டோம். வண்டியைத் தெருவில் தள்ளினால், அடுத்த வீட்டாருடன் சண்டையும் கூடவே வரும்.

காலுக்கடியில் கவனம்

ஷெட் காருக்காகக் கட்டப்பட்டது, மனிதருக்காக அல்ல. கழுவிய தண்ணீர் வெளியே ஓட வேண்டும் என்று தரையை வாசல் பக்கம் சரிவாகப் போட்டிருந்தார்கள். வீட்டுத் தரையைவிட அது 9 அங்குலம் தாழ்வு. நடைச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நடக்கும் மாமியாருக்குச் சரிவும் ஆகாது, படியும் ஆகாது.

"மேலேயே டைல்ஸ் ஒட்டிவிடலாம், அம்மா" என்றார் மேஸ்திரி. எங்கள் என்ஜினீயர் ஒரு பெண். லேசில் விடுகிறவர் இல்லை. பல வருஷத்து எஞ்சின் எண்ணெய் குடித்த தரையில் புதுச் சிமெண்டு பிடிக்காது என்று சொல்லி, அதைக் கொத்தி எடுக்க வைத்தார். பிறகு ஜல்லி நிரப்பி, ஈரம் மேலே ஏறாமலிருக்கக் கெட்டிப் பாலிதீன் விரித்து, அதன்மேல் கான்கிரீட் போட்டு, வீட்டுத் தரையோடு சமமாகக் கொண்டுவந்தார்கள்.

இங்கே ஒரு கணக்கு உண்டு. தரை உயர உயர மேல் தளம் தலைக்கு நெருங்கி வருமல்லவா? மனிதர் புழங்கும் அறைக்கு 2.75 மீட்டர், அதாவது சுமார் 9 அடி உயரமாவது வேண்டும் என்பது தேசியக் கட்டட விதித்தொகுப்பின் கணக்கு. எங்கள் ஷெட் 10 அடி; 9 அங்குலம் போக 9¼ அடி மிஞ்சியது. உங்கள் ஷெட் தாழ்வாக இருந்தால் அளக்காமல் தரையில் கை வைக்காதீர்கள்.

சுவரில் வெள்ளம் விட்டுப்போன கோடும், அதற்குக் கீழே உப்புப் பூத்த பூச்சும் இருந்தன. பூச்சைச் செங்கல் தெரியும் வரை சுரண்டி, நன்றாக உலரவிட்டு, மறுபடி பூசினோம். ஈரச் சுவரில் அடிக்கும் பெயிண்ட் ஒரு மழைகூடத் தாங்காது.

இவ்வளவு புத்தியாக நடந்த நான், ஓரிடத்தில் சறுக்கினேன். கதவுக்கு வெளியே குறுக்காக ஒரு சிறு வாய்க்கால் வெட்டி, மேலே இரும்புச் சல்லடை போடவேண்டும் என்றார் என்ஜினீயர். "அது எதற்கு வீண் செலவு?" என்று நான் மிச்சம் பிடித்தேன். அக்டோபரில் முதல் பெருமழை வந்தது. கதவடியில் புகுந்த தண்ணீர் புதுப் பாயை நனைத்தது. மறுவாரமே வாய்க்கால் வந்தது. என் சாமர்த்தியத்துக்கு இரட்டைச் செலவு!

வெயிலும் காற்றும்

எங்கள் ஷெட்டுக்குக் கான்கிரீட் மேல் தளம். அதன்மேல் இருந்த பழைய தட்டோடுகள் பெயர்ந்து, வெயில் நேரே உள்ளே இறங்கியது. செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த தளம் புதிதாகப் போட்டு, மேலே வெள்ளைத் தட்டோடு பதித்தோம். மே மாதத்திலும் பகலில் உட்கார முடிகிறது.

உங்களுடையது ஆஸ்பெஸ்டாஸ் கூரையானால் ஓர் எச்சரிக்கை. அதை அறுக்கவோ துளைக்கவோ உடைக்கவோ கூடாது. அதிலிருந்து பறக்கும் நுண்ணிய நார் நுரையீரலுக்குள் போய்த் தங்கி, பல வருஷம் கழித்துப் புற்றுநோயையும் உண்டாக்கக்கூடும். பழக்கமுள்ள ஆட்களைக் கொண்டு, நனைத்து, முழுசு முழுசாக இறக்கச் செய்யுங்கள். குழந்தைகள் அந்தப் பக்கமே வரவேண்டாம்.

சென்னையைப் போன்ற புழுக்கமான ஊரில், கதவு நீங்கலாக, ஜன்னல் முதலிய திறப்புகள் தரைப் பரப்பில் ஆறில் ஒரு பங்காவது இருக்க வேண்டும். எங்கள் 180 சதுர அடிக்கு 30 சதுர அடி. கதவு அந்தக் கணக்கில் வராது என்றாலும், எங்கள் முன்கதவு பெரியதுதான். ஆனால், உள்ளே வந்த காற்று வெளியே போக வழியில்லாவிட்டால் என்ன பிரயோசனம்? பின்சுவரில் ஒரு ஜன்னல் வைத்தபிறகுதான் காற்று ஓடியது. மாமனாரின் தேக்குக் கதவுகளை நாலு மடிப்பாக்கி, மேல் பாதியில் கண்ணாடி பொருத்தினார் தச்சர்.

மின்சார பிளக்குகளை வெள்ளக் கோட்டுக்கு மேலே 3 அடி உயரத்தில் வைத்தோம். முதியவர்கள் குனிய வேண்டியதில்லை என்பது உபரி லாபம். கசிவு ஏற்பட்டால் அந்தக் கணமே மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லியாம்பியர் சுவிட்சும் உண்டு. இதில் சிக்கனம் பார்க்காதீர்கள்.

ஒதுக்கிய பணத்தில் பாதிக்குமேல் இப்படிக் கண்ணுக்குத் தெரியாத வேலைகளுக்கே போயிற்று. வருத்தமில்லை. திரைச்சீலையை அடுத்த வருஷம் மாற்றலாம்; தரையை மாற்ற முடியுமா?

கடிகாரம் செய்யும் பாகப்பிரிவினை

அப்புறம் வந்தது பெரிய வழக்கு. மகளுக்குப் படிக்க இடம், எனக்குத் தையல் மெஷின், இவருக்கு ஆபீஸ் வேலை, மாமனாருக்குப் பேப்பர், மாமியாருக்குக் கட்டில். அடிக்கணக்கில் பங்கு போட்டால் ஆளுக்கு ஒரு மூலைதான். ஆகவே மணிக்கணக்கில் பங்கு போட்டோம்!

காலையில் காப்பியும் பேப்பரும் மாமனார் பங்கு. பத்து மணிக்கு மேல் என் மெஷின். சாயங்காலம் நாலு முதல் எட்டு வரை மகளின் படிப்பு. அதற்கு மேஜை சுவரிலேயே கீலில் தொங்குகிறது. வேண்டும்போது தூக்கி நிறுத்தினால் போதும். எட்டரைக்கு எல்லாரும் சாப்பிட உட்காருவது அங்கேதான். நீளச் சுவர் முழுக்க ஒன்றரை அடி ஆழத்தில் அலமாரி. மாமியாரின் திவானுக்கு அடியில் இழுப்பறைகள். கொலுப் பொம்மைகள் அதில் தூங்குகின்றன. நவராத்திரியில் மடிப்புக் கதவைத் திறந்துவிட்டால், தெருவிலிருந்தே கொலு தெரியும்.

திவான் இருக்கும் பக்கம் மட்டும், மேல் தளத்தில் தண்டவாளம் பதித்து ஒரு திரை போட்டோம். அதன் கயிறு மாமியாரின் கைக்கு எட்டும் இடத்தில் தொங்குகிறது. அதை வேறு யாரும் தொடக்கூடாது என்பது வீட்டுச் சட்டம்.

போன மாதம் அதே தெரிந்தவர்கள் மறுபடி வந்தார்கள். மாமியாரின் கை கயிற்றுக்குப் போவதைக் கவனித்தேன். ஒரு நிமிஷம் பிடித்துக்கொண்டிருந்தார், பிறகு விட்டுவிட்டார். "வாருங்கள், உள்ளே வந்து உட்காருங்கள். அறை எப்படி இருக்கிறது?" என்றார்.

மாமனார் இன்னும் அதை ஷெட் என்றுதான் சொல்கிறார். "கார் இருந்தபோது ஐந்து பேர்தான் உட்காரலாம். இப்போது பாருங்கள், பத்துப் பேர் உட்காருகிறோம். பெட்ரோல்கூடப் போட வேண்டாம்!" என்று வருகிறவர்களிடமெல்லாம் பெருமை அடித்துக்கொள்கிறார்.