தங்கம் தேடியவர்கள் விட்டுச்சென்ற சேறு

சான்பிரான்சிஸ்கோ விரிகுடாவின் அடியிலிருந்து வண்டலை அள்ளிக் கழுவி, மிஞ்சும் மணலை நுண்ணோக்கியில் வைத்தால் முதலில் கண்ணில் படுவது குவார்ட்ஸும் பெல்ஸ்பாரும்தான். அவற்றை வைத்துப் பிறந்த ஊர் சொல்வது கடினம். உலகின் பாதி மணல் அப்படித்தான் இருக்கும். அதனால் புவியியலாளர்கள் மணலை அடர்த்தி மிகுந்த திரவத்தில் கொட்டுகிறார்கள். குவார்ட்ஸ் மிதக்கும், கனமான தாதுக்கள் அடியில் இறங்கும். சாட்சி சொல்வது இந்தச் சிறுபான்மைதான்.

அதில் கரும்பச்சை ஹார்ன்பிளெண்ட் நிறைய இருந்தால், பெரும்பாலும் கிழக்கே சியரா நெவாடாவின் கிரானைட் மலைகளிலிருந்து ஆற்றோடு வந்த மணல். நீலம் பாய்ந்த கிளாக்கோபேன் கிடைத்தால் கதை வேறு. கடல்தரை கண்டத்துக்கு அடியில் செருகும்போது, கடும் அழுத்தத்தில், அதிகம் சூடேறாமல் உருவாகும் தாது அது. கிரானைட்டில் பிறக்காது. விரிகுடாவைச் சுற்றியுள்ள கரையோர மலைகள்தான் அதன் பூர்வீகம்.

இயற்கையின் இந்தக் கணக்கில் 1853-இல் மனிதர் புகுந்தார்கள். தங்கத்துக்காக, பீரங்கி போன்ற குழாய்களால் நீரைப் பீய்ச்சிச் சியராவின் சரிவுகளையே கரைத்தார்கள். ஆற்றுப்படுகைகள் மேடாகி, வயல்களும் ஊர்களும் வெள்ளத்தில் மூழ்கின. 1884-இல் நீதிபதி லோரன்சோ சாயர், கழிவை ஆற்றில் விடத் தடை விதித்தார். அந்தக் காலகட்டத்தில் விரிகுடாவின் வடபகுதியான சான் பாப்லோவில் மட்டும், 1856 முதல் 1887 வரை, ஏறக்குறைய 25 கோடி கன மீட்டர் வண்டல் சேர்ந்துவிட்டது. அந்தக் கழிவு ஆறுகளில் மெல்ல நகர்ந்து வருவதை அளந்து, 1917-இல் புவியியலாளர் ஜி.கே. கில்பர்ட் எழுதிய அறிக்கை இன்றும் ஆய்வாளர்கள் கையில் இருக்கிறது.

எனக்கு இதில் வியப்பு பாதரசம்தான். தங்கத்துகளைப் பிடிக்க அதைக் கொட்டினார்கள். அதில் பெரும்பங்கு விரிகுடாவின் தென்முனைக்கு அருகே நியூ ஆல்மடேன் சுரங்கத்தில் சாதிலிங்கத்தை வறுத்து எடுத்தது. தெற்கிலிருந்து புறப்பட்டு மலையேறிய பாதரசத்தில், தப்பித்ததில் ஒரு பகுதி சேற்றோடு வடக்கு வழியாக அதே விரிகுடாவுக்குத் திரும்பியது. நியூ ஆல்மடேன் சுரங்கக் கழிவில் எஞ்சியதோ குவாடலூப் ஆற்றின் வழியே தெற்கிலேயே இறங்கியது.

சேற்றில் வாழும் பாக்டீரியாக்கள் இந்தப் பாதரசத்தை மெத்தில் பாதரசமாக மாற்றுகின்றன. அது மீனில் சேர்கிறது. எனவே விரிகுடாவின் சில மீன்களை அளவோடுதான் உண்ண வேண்டும் என்று மாநில அரசு எச்சரிக்கிறது. ஆனால் சேறே வேண்டாம் என்று ஒதுக்கவும் வழியில்லை. கடல்மட்டம் உயர உயர, கரையோரச் சதுப்புநிலங்களும் உயர வண்டல் வேண்டும். மேலிருந்து வருவதில் ஒரு பகுதியை இப்போது அணைகள் பிடித்துவைத்துக்கொள்கின்றன.