நாஸ் அப்டேட்டுக்கு முன்னாடி
‘ரெய்டு 1 இருக்கே, பேக்கப் எதுக்கு?’னு நிறைய பேர் கேக்குறீங்க. ஒரு டிஸ்க் செத்தா ரெய்டு காப்பாத்தும், அவ்வளவுதான். சினாலஜி நாஸ்ல டிஎஸ்எம் சிஸ்டம், உள்ளே இருக்கிற எல்லா டிஸ்க்லயும் ஒரு சின்ன பார்ட்டிஷன்ல உட்கார்ந்திருக்கும். அப்டேட் பாதியில கரண்ட் போனா, ரெண்டுமே ஒண்ணா மாட்டிக்கலாம். பழைய வெர்ஷனுக்குத் திரும்புறதும் லேசுல நடக்காது.

அதனால அப்பா அம்மா கல்யாண ஆல்பம், பாட்டி பேசின வீடியோன்னு திரும்பக் கிடைக்காததை மட்டும் யூஎஸ்பி டிஸ்க்ல ஏத்துவேன். (சினிமா போனா போகட்டும்.) அப்புறம் லேப்டாப்ல மாட்டி நாலு ஃபைலைத் திறந்து பாப்பேன். இதைத்தான் பலர் விட்டுடறாங்க. டிஸ்க் இஎக்ஸ்டி4 ஃபார்மட்னா விண்டோஸ் நேரா படிக்காது, அதையும் முன்னாடியே பாத்துக்கணும். எல்லாம் திறந்தா, டிஸ்க்கைக் கழட்டி பீரோவுல வெச்சுட்டு, நாஸை யூபிஎஸ்ல போட்டு, அப்டேட்டை அழுத்துவேன்.