பழைய படகு மோட்டாரைப் புதுப்பிக்கணுமா? பெயின்ட் டப்பாவைக் கடைசியில் திறங்க!

அம்பத்தூரிலிருந்து காசிமேடு துறைமுகம் சுமார் 20 கிலோமீட்டர். ஆவடிக்கும் பூந்தமல்லிக்கும் கடல் இன்னும் தூரம். ஆனாலும், பல வருஷம் பரணில் கிடந்த ஒரு படகு மோட்டாரைத் திரும்ப ஓட வைக்க வேண்டும் என்றால், அதற்கான லேத், வெல்டிங், பிளாஸ்டிங், பெயின்ட் வேலைகள் பெரும்பாலும் இந்தப் பகுதியிலேயே கிடைத்துவிடும். 1960களில் உருவான அம்பத்தூர் தொழிற்பேட்டையும், அதைச் சுற்றி வளர்ந்த சின்னச் சின்னப் பட்டறைகளும்தான் காரணம்.

பழைய மோட்டார் கைக்கு வந்ததும் பலருக்கும் முதலில் தோன்றுவது, “ஒரு கோட் பெயின்ட் அடிச்சா சூப்பரா இருக்குமே!” என்பதுதான். அங்கேதான் சிக்கல். பளபளப்பாக இருக்கும் மோட்டார் ஓடும் என்று யாரும் நம்பிவிடுவார்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னைத் தெருக்களுக்குள் மீனவர்களின் படகுகள் வந்தது நினைவிருக்கிறதா? அந்த மாதிரி நேரத்தில் கயிற்றை இழுத்ததும் இன்ஜின் பிடிக்கிறதா என்பதுதான் முக்கியம், அதன் நிறம் இல்லை.

அவுட்போர்டு மோட்டார் என்றால்?

படகின் பின்பலகையில் கவ்விப் பிடித்து மாட்டுகிற மோட்டார்தான் அவுட்போர்டு. மேலே இன்ஜின், நடுவில் நீளமான தண்டு, தண்ணீருக்குள் கியர் பெட்டியும் புரொப்பெல்லரும். தேவையில்லாதபோது கழற்றிக் கரைக்குக் கொண்டுவந்துவிடலாம்.

நார்வேயில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய ஓலே எவின்ரூட், 1909இல் இதை வெற்றிகரமாக விற்பனைக்குக் கொண்டுவந்தார். அவர் பெயரில் வந்த எவின்ரூட் மோட்டார்களின் உற்பத்தி 2020இல் நின்றுவிட்டது. பிரிட்டிஷ் சீகல் அதற்கும் முன்பே, 1990களில் முடிந்துபோனது. தமிழகக் கடற்கரையில் 1980களில் நாட்டுப் படகுகளுக்கு இன்ஜின் பரவலாக வரத் தொடங்கியது. 2004 சுனாமிக்குப் பிறகு நிவாரணமாக வந்த ஃபைபர் படகுகள் அதை இன்னும் வேகப்படுத்தின.

முதல் கேள்வி: உயிர் இருக்கா?

எடுத்த எடுப்பில் ஸ்டார்ட்டர் கயிற்றை இழுக்காதீர்கள். இறுகிப்போன பிஸ்டனை வலுக்கட்டாயமாக இழுத்தால் உள்ளே கீறல் விழும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அந்தத் துளை வழியாகக் கொஞ்சம் ஆயில் விட்டு ஓரிரு நாள் ஊற விடுங்கள். பிறகு ஃபிளைவீலைக் கையால் மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். சுற்றினால் பாதிக் கவலை தீர்ந்தது.

அடுத்து மூன்று சோதனைகள்.

கம்ப்ரஷன்: இரண்டு சிலிண்டர் என்றால், இரண்டிலும் அளவு ஏறக்குறைய சமமாக இருக்க வேண்டும். ஒன்று மட்டும் ரொம்பக் குறைந்தால் ரிங், கேஸ்கெட் பிரச்சினை.

ஸ்பார்க்: பழைய மோட்டார்களில் ஃபிளைவீலுக்குக் கீழே மேக்னட்டோ, பாயின்ட், கண்டென்சர் இருக்கும். பாயின்ட்டில் படிந்த ஆக்சைடை நீக்கினாலே சில நேரம் ஸ்பார்க் வந்துவிடும். காயிலின் மேல் உறை வெடித்திருந்தால் மாற்றியே ஆக வேண்டும்.

கியர் ஆயில்: கீழே உள்ள திருகைத் திறந்து வடித்துப் பாருங்கள். பால் ஊற்றிய காபி மாதிரி வந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது, ஆயில் சீல் போய்விட்டது என்று அர்த்தம்.

ஸ்பேர் பார்ட்ஸ் எங்கே கிடைக்கும்?

கம்பெனி பெயரைச் சொல்லிக் கேட்டால் “இல்லை” என்ற பதில்தான் வரும். அளவைச் சொல்லிக் கேளுங்கள். ஆயில் சீலுக்கு உள்விட்டம், வெளிவிட்டம், தடிமன் மூன்றும் போதும். பேரிங்கில் நம்பரே பொறித்திருக்கும். இவை பாரிமுனைப் பக்கத்துக் கடைகளில் பொதுவாகக் கிடைக்கக்கூடியவை. கேஸ்கெட்டை ஷீட் வாங்கி வெட்டிக்கொள்ளலாம். புஷ், பின் போன்றவற்றை லேத் பட்டறையில் கடைந்து வாங்கலாம். இம்பெல்லர், காயில் இரண்டையும்தான் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வேண்டியிருக்கும்.

பெயின்ட்டை உரிப்பதில் என்ன ஆபத்து?

பெரிய ஆபத்து இங்கேதான். மோட்டாரின் உடல் பெரும்பாலும் அலுமினிய வார்ப்பு. நம் பகுதிப் பட்டறைகளுக்கு அதிகம் வருவதோ இரும்புப் பொருள்கள். இரும்பில் உள்ள பழைய பெயின்ட்டை எடுக்கக் காஸ்டிக் சோடா தொட்டியில் முக்குவது உண்டு. அதே தொட்டியில் அலுமினியத்தை முக்கினால் பெயின்ட்டோடு சேர்ந்து உலோகமும் கரையும், தீப்பிடிக்கக்கூடிய ஹைட்ரஜன் வாயுவும் வரும். பொருளைக் கொடுக்கும்போதே “அண்ணே, இது அலுமினியம், காஸ்டிக்கில் போட்டுடாதீங்க” என்று சொல்லிவிடுங்கள். முடிந்தால் பொருளின் மேலேயே எழுதி ஒட்டுங்கள்.

பிளாஸ்டிங் செய்வதாக இருந்தால் கண்ணாடி மணி போதும். மணலால் அடித்தால் வார்ப்பு சொரசொரப்பாகிவிடும், அந்தத் தூசி அடிப்பவரின் நுரையீரலுக்கும் கேடு. கேஸ்கெட் உட்காரும் முகங்களையும் பேரிங் இடங்களையும் மூடிவிட்டுத்தான் அடிக்க வேண்டும். இரும்புக் கம்பி பிரஷ்ஷும் வேண்டாம். அதன் துகள்கள் அலுமினியத்தில் பதிந்து பிறகு துருப்பிடிக்கும்.

வீட்டில் உப்புத்தாள் போடுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம், அடியில் உள்ள மஞ்சள் அல்லது பச்சைப் பிரைமரில் குரோமேட் இருக்கலாம். வீட்டு பெயின்ட்டில் ஈயத்துக்கு 90 பிபிஎம் என்ற உச்சவரம்பே இந்தியாவில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதனால் காய்ந்த நிலையில் தேய்க்காமல் தண்ணீர் தொட்டுத் தேயுங்கள். மாஸ்க் கட்டாயம். குழந்தைகள் இருக்கும் இடத்தில் இந்த வேலையே கூடாது.

சரி, எப்போ பெயின்ட் அடிக்கலாம்?

இன்ஜின் ஓடி, கசிவு நின்ற பிறகு. மறுபடி பிரித்து, எண்ணெய்ப் பிசுக்கு துளியும் இல்லாமல் கழுவிக் காயவைத்து, உரித்த அன்றே பிரைமர் அடித்துவிட வேண்டும். வெற்று அலுமினியத்தின் மேல் காற்று பட்டதுமே ஆக்சைடு படலம் உருவாகும் என்பதால் சாதாரண பிரைமர் அதில் சரியாக ஒட்டாது. எட்ச் பிரைமர் அல்லது எபாக்சி பிரைமர் கேளுங்கள். பிரைமரும் மேல் பெயின்ட்டும் ஒரே கம்பெனியாக இருந்தால் ஒன்றுக்கொன்று சேராமல் போகும் தலைவலி இல்லை.

மேல் பூச்சுக்குக் கார்களுக்கு அடிக்கும் 2கே பெயின்ட் நன்றாக உழைக்கும். ஆனால் அதன் ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது. சாதாரண மாஸ்க் அதைத் தடுக்காது, எனவே பூத் வசதியுள்ள பெயின்ட்டரிடமே விடுங்கள். பவுடர் கோட்டிங் என்றால் சுமார் 180 முதல் 200 டிகிரி செல்சியஸ் சூட்டில் வேகவைப்பார்கள். சீல், பேரிங் எல்லாம் கழற்றியிருக்க வேண்டும். பழைய வார்ப்பின் நுண்துளைகளில் எண்ணெய் தங்கியிருந்தால் கொப்புளம் வரும்.

வடகிழக்குப் பருவமழை மாதங்களைத் தவிர்ப்பது நல்லது. ஈரக்காற்றில் அடித்த பெயின்ட் வெளுத்துப்போகலாம். பிப்ரவரி, மார்ச் வசதியான நேரம்.

தண்ணீருக்குள் இருக்கும் பகுதியில் ஒரு சின்ன உலோகத் துண்டு மாட்டியிருந்தால் அது ஆனோடு. மோட்டாருக்குப் பதிலாகத் தான் அரிபட்டுப்போவதுதான் அதன் வேலை, அதன் மேல் பெயின்ட் அடித்தால் அந்த வேலை நடக்காது. படகின் அடிப்பகுதிக்கு அடிக்கும் செம்பு கலந்த பெயின்ட்டையும் அலுமினியத்தின் மேல் அடிக்காதீர்கள்.

ஒரிஜினல் பெயின்ட் நல்லா இருந்தா?

அப்படியே விட்டுவிடலாம். பழைய பொருள் சேகரிப்பவர்கள் பலரும் தேய்ந்த ஒரிஜினல் பெயின்ட்டையே விரும்புவார்கள். அடித்தே ஆக வேண்டும் என்றால், உரிப்பதற்கு முன்பே ஸ்டிக்கர்களை அளவோடு போட்டோ எடுத்துவிடுங்கள். ஸ்டிக்கருக்கு அடியிலும் மூடியின் உள்பக்கத்திலும் வெயில் படாத உண்மையான நிறம் இருக்கும். கலர் மேட்சிங்குக்கு அந்த இடத்தைத்தான் காட்ட வேண்டும்.

எந்த பெட்ரோல், எவ்வளவு ஆயில்?

பழைய அவுட்போர்டுகளில் பெரும்பாலானவை டூ-ஸ்ட்ரோக். 50:1 என்றால் ஒரு லிட்டருக்கு 20 மில்லி ஆயில், 25:1 என்றால் 40 மில்லி. மிகப் பழைய சீகல் மோட்டார்கள் 10:1, அதாவது லிட்டருக்கு 100 மில்லி கேட்கும். தண்ணீரில் குளிரும் மோட்டார்களுக்கான டிசி-டபிள்யூ3 ரக ஆயிலே சரி.

இப்போது பங்க்கில் கிடைக்கும் இ20 பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். அது ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பர் குழாய்களைக் கெடுக்கும். குழாய்களை எத்தனால் தாங்கும் ரகத்துக்கு மாற்றுங்கள். ஓட்டி முடித்ததும் டேங்க்கையும் கார்புரேட்டரையும் வடித்துவிடுங்கள்.

எங்கே ஓட்டிப் பார்ப்பது?

செம்பரம்பாக்கம், புழல் ஏரிகள் பக்கத்தில் இருக்கின்றன என்று கிளம்பிவிடாதீர்கள். அவை குடிநீர் ஏரிகள். டூ-ஸ்ட்ரோக் அவுட்போர்டு எண்ணெய் கலந்த புகையைத் தண்ணீருக்குள்ளேயே விடும். 200 லிட்டர் டிரம் ஒன்று போதும். அசையாத மரச்சட்டத்தில் மோட்டாரை இறுக்கமாகப் பூட்டி, பம்ப் மூழ்கும் அளவுக்குத் தண்ணீர் நிரப்பி, திறந்தவெளியில் ஓட்டுங்கள். தண்ணீர் இல்லாமல் ஒரு நிமிஷம்கூட ஓட்ட வேண்டாம், ரப்பர் இம்பெல்லர் கருகிவிடும்.

டிரம்மில் தொடர்ந்து சூடேறாமல் ஓடி, மறுநாள் காலையிலும் ஓரிரு இழுப்பில் பிடித்தால் மோட்டார் தயார். இனி பெயின்ட் டப்பாவைத் திறக்கலாம். அதற்குப் பிறகும், முதல் தடவை படகில் மாட்டிப் போகும்போது லைஃப் ஜாக்கெட்டையும் துடுப்பையும் மறக்காமல் எடுத்துக்கோங்க.