டிக்கி மேல் ஒரு கணக்கு

எழுபதுகளிலும் எண்பதுகளிலும் வந்த மெர்சிடிஸ் பென்ஸ் காரின் டிக்கியில் இருக்கும் எண்ணை நூறால் வகுத்தால் எஞ்சினின் அளவு லிட்டரில் வந்துவிடும். 280 என்றால் 2.8 லிட்டர். கூடவே வரும் எழுத்துகளில் 'டி' டீசல், 'எல்' நீளம் கூட்டிய உடல், 'சி' கூபே. 'இ' என்றிருந்தால் கார்புரேட்டர் கிடையாது, பெட்ரோலைப் பீய்ச்சித் தரும் எஞ்சின்.

இந்த லிட்டர் பெட்ரோலின் அளவல்ல. பிஸ்டன் மேலிருந்து கீழே இறங்கும்போது சிலிண்டருக்குள் உண்டாகும் இடத்தின் அளவு. பெட்ரோலை எவ்வளவு வேண்டுமானாலும் ஊற்றலாம், அது எரியக் காற்று வேண்டுமே. ஒரு எஞ்சின் எவ்வளவு காற்றை இழுக்கும் என்பதைத்தான் அந்த எண் சொல்கிறது.

1982இல் வந்த 190இ காரில் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். சிலிண்டரின் விட்டம் 89 மி.மீ., பிஸ்டனின் ஓட்டம் 80.25 மி.மீ., நான்கு சிலிண்டர்கள். இவற்றை வைத்துக் கணக்கிட்டால் 1997 சிசி வரும். நியாயமாக 200 என்று போட்டிருக்க வேண்டும். ஆனால் அந்தப் பெயர் ஏற்கெனவே டபிள்யூ 123 என்ற பெரிய காரிடம் இருந்தது. சின்ன உடலுக்குச் சின்ன எண்! இங்கே எண் சொல்வது அந்தஸ்தை. 450 எஸ்இஎல் 6.9 காரில் 6834 சிசி எஞ்சின் ஏறிய பிறகும் 450 அப்படியே நின்றது. உண்மையைச் சொல்ல இன்னொரு எண்ணை ஒட்டவேண்டியதாயிற்று.

பிஎம்டபிள்யூவில் முதல் இலக்கம் காரின் வரிசை, அடுத்த இரண்டும் எஞ்சின். 1980இன் 745ஐ காரைத் திறந்து பார்த்தால் 4.5 லிட்டர் இருக்காது, 3.2 லிட்டர்தான். டர்போ கூடுதல் காற்றைத் திணிப்பதால், அந்தக் காலத்துப் பந்தய விதியைப் போலவே 1.4ஆல் பெருக்கிக்கொண்டார்கள். பொய் என்று நான் சொல்லமாட்டேன். எஞ்சினுக்குள் போகும் காற்றைப் பொறுத்தவரை கிட்டத்தட்ட நேர்மையான எண்தான்.

325இ இதற்கு நேரெதிர். உள்ளே இருப்பது 2.7 லிட்டர். இங்கே 'இ' பெட்ரோல் பீய்ச்சுவதைக் குறிக்கவில்லை. செயல்திறனுக்கு இயற்பியலில் போடும் கிரேக்க எழுத்தான ஈட்டாவிலிருந்து வந்தது. பெரிய எஞ்சினை மெதுவாகச் சுழலவிட்டால் உராய்வில் வீணாகும் சக்தி குறையும். பெட்ரோல் மிச்சம், வேகத்துக்கு அவ்வளவு ஆசைப்படக் கூடாது.

1993இல் பென்ஸ் எழுத்தை முன்னுக்குக் கொண்டுவந்தது: 280இ என்ற பெயர் இ280 ஆனது. பக்கத்து வீட்டாருக்குத் தெரியவேண்டாம் என்பவர்களுக்குப் பெயரே இல்லாத டிக்கியும் தொழிற்சாலையிலேயே கிடைத்தது.

பழைய கார் வாங்குகிறவர் அதனால் டிக்கியை நம்பக் கூடாது. ஒட்டியதைப் பிடுங்கி வேறொன்றை ஒட்ட ஐந்து நிமிடம் போதும். பானெட்டைத் தூக்கிச் சேஸிஸ் நம்பரைப் படிக்கவேண்டும். ஐரோப்பாவில் விற்ற பென்ஸ்களில் டபிள்யூடிபி என்ற மூன்று எழுத்துக்கு அடுத்த ஆறு இலக்கங்கள்தான் காரின் அசல் பெயர். 123033 என்றிருந்தால் அது 280இ.