தலைக்கு மேல கல்நார்... உஷார் பாஸ்!

காலேஜ் சைக்கிள் ஸ்டாண்ட், டீக்கடை, மெஸ், கோழிப்பண்ணை, மொட்டை மாடி ரூம்... எங்கே நிமிர்ந்து பார்த்தாலும் சாம்பல் கலர்ல அலை அலையா ஒரு ஷீட். கோடையில நம்மை வறுத்தெடுக்குற அதே ஆஸ்பெஸ்டாஸ்தான். தமிழ்ல இதுக்கு ‘கல்நார்’னு பேர். கல்லுதான், ஆனா நார் நாராப் பிரியும். பிரச்னையே அந்த நார்லதான்!

நெருப்புல எரியாது, துருப்பிடிக்காது, விலையும் கம்மி. அதனாலதான் சிமென்ட்டோட சுமார் 10 சதவிகிதம் கலந்து ஷீட் ஆக்கினாங்க. ஷீட் உடையாம நல்லா இருக்குற வரைக்கும் நார் சிமென்ட்டுக்குள்ள அடங்கிக் கிடக்கும். ஆபத்து ரொம்பக் குறைவு. ஆனா, கட்டிங் மிஷின்ல அறுக்கும்போதும், ஜே போல்ட்டுக்கு ஓட்டை போடும்போதும், பழைய கூரையை உடைச்சுத் தள்ளும்போதும் வில்லன் வெளியே வந்துடுவான். கண்ணுக்கே தெரியாத நார், மூச்சோட உள்ளே போய் உட்கார்ந்துக்கும். அத்தனையையும் உடம்பால வெளியே தள்ள முடியாது.

விளைவு? நுரையீரல் இறுகிப்போற ஆஸ்பெஸ்டோசிஸ், நுரையீரல் புற்றுநோய், அப்புறம் மீசோதீலியோமா. இந்த மூணாவது, நுரையீரலைச் சுத்தியிருக்குற ஜவ்வுல வர்ற புற்றுநோய். சில பேருக்கு வயித்து ஜவ்வுலயும் வரும். சிகரெட்டுக்கும் மீசோதீலியோமாவுக்கும் சம்பந்தம் இல்லை. ஆனா, கல்நார் தூசியில வேலை பார்த்துட்டு தம்மும் அடிச்சா, நுரையீரல் புற்றுநோய் அபாயம் பல மடங்கு எகிறும்!

தென்னாப்பிரிக்காவுல கல்நார் சுரங்கங்கள் இருந்த பகுதியில 33 நோயாளிகளை ஆராய்ஞ்சு, 1960-ல வாக்னர் குழுவினர் ஒரு கட்டுரை வெளியிட்டாங்க. ஏறக்குறைய எல்லாருமே கல்நார் தூசிக்கு நடுவுல இருந்தவங்க. சுரங்கத் தொழிலாளிங்க மட்டும் இல்லை... வீட்டைப் பார்த்துக்கிட்ட பெண்களும், மாடு மேய்ச்சவங்களும் அதுல இருந்தாங்க!

இதுல கொடுமை என்னன்னா, இந்த நோய் உடனே தலைகாட்டாது. 20, 30, சமயத்துல 40 வருஷம்கூட ஆகும். 20 வயசுல ஷீட் அறுத்த பையனுக்கு, அவன் தாத்தா ஆகுற வயசுல மூச்சு வாங்கும். நெஞ்சு வலிக்கும், நுரையீரலைச் சுத்தி நீர் கோத்துக்கும். நம்ம ஊர்ல நீர் கோத்தா முதல்ல டி.பி.யாதான் இருக்கும்னு சந்தேகப்படுவாங்க. அதனால டாக்டர்கிட்ட பழைய வேலையைப் பத்திக் கண்டிப்பா சொல்லணும். சி.டி. ஸ்கேனும், ஜவ்வுல இருந்து சின்னத் துண்டு எடுத்துப் பார்க்குற பயாப்ஸியும்தான் நோயை உறுதிப்படுத்தும்.

சிகிச்சை இருக்கா? இருக்கு. ஆனா பெரும்பாலானவங்களுக்கு முழுசா குணமாகாது. சிஸ்பிளாட்டினோட பெமெட்ரெக்ஸட் சேர்த்துக் கொடுக்குற கீமோதெரபிக்கு 2004-ல அமெரிக்கா அனுமதி கொடுத்துச்சு. 2020-ல நிவோலுமாப், இபிலிமுமாப்ங்கிற இம்யூனோதெரபி ஜோடி வந்துச்சு. ஆய்வுல கீமோ எடுத்தவங்களோட சராசரி ஆயுள் 14.1 மாசம், இந்த ஜோடியில 18.1 மாசம். நாலு மாசம்தானேன்னு நினைக்காதீங்க, ஒரு குடும்பத்துக்கு அது பெருசு. கோத்துக்கிட்ட நீரை எடுத்து மூச்சுத்திணறலைக் குறைக்குறதும், வலியைக் கட்டுப்படுத்துறதும் சிகிச்சையில முக்கியமான பகுதிதான்.

கல்நார்ல எல்லா வகையுமே புற்றுநோய் உண்டாக்கும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. 60-க்கும் மேற்பட்ட நாடுகள்ல தடை. ஆஸ்திரேலியா 2003 கடைசியிலயும், கனடா 2018-லயும் தடை போட்டாச்சு. இந்தியாவுல? வெள்ளைக் கல்நாரை இறக்குமதி செஞ்சு ஷீட் போட்டுக்கிட்டுதான் இருக்கோம். தொழிலாளியோட மருத்துவப் பதிவேட்டை வேலையில சேர்ந்ததுல இருந்து 40 வருஷமோ, வேலையை விட்டதுல இருந்து 15 வருஷமோ, எது பிந்தி வருதோ அதுவரைக்கும் வெச்சிருக்கணும்னு உச்ச நீதிமன்றம் 1995-ல உத்தரவு போட்டுச்சு. சரி, இன்னிக்கு ஒரு சைட், நாளைக்கு வேற சைட்னு போற தினக்கூலிக்கு யார் பதிவேடு வைப்பாங்க?

ஸோ, நாம செய்ய வேண்டியது...

* பழைய ஷீட்டைத் தேவையில்லாம உடைக்காதீங்க, சுரண்டாதீங்க. எடுத்தே ஆகணும்னா தண்ணியில நனைச்சு, முழுசா கழற்றி இறக்கச் சொல்லுங்க.

* கட்டிங் மிஷின் வேண்டவே வேண்டாம். காய்ஞ்ச தூசியை விளக்குமாத்தால பெருக்கவும் கூடாது.

* கர்ச்சீஃப் கட்டினா நார் நிக்காது. நுண்தூசியை வடிகட்டுற, முகத்தோட ஒட்டி உட்கார்ற ரெஸ்பிரேட்டர் வேணும்.

* தூசி படிஞ்ச டிரெஸ்ஸை வீட்டுக்குக் கொண்டுபோகாதீங்க. வெளிநாடுகள்ல அதைத் துவைச்ச மனைவிங்களுக்கே நோய் வந்திருக்கு.

* புதுக் கூரைக்கு ஓடு, மெட்டல் ஷீட், கல்நார் இல்லாத ஃபைபர் சிமென்ட் ஷீட்னு மாற்று இருக்கு.

சிவில் ஃப்ரெண்ட்ஸ், நாளைக்கு எஸ்டிமேட் போடப்போறது நீங்கதான். அதுல நீங்க எழுதுற ஒரு வரி, 30 வருஷம் கழிச்சு ஒரு கொத்தனாரோட மூச்சு. கொஞ்சம் யோசிச்சு எழுதுங்க பாஸ்!